முதல் தட்டு, இரண்டாம் பக்கம்

இருபத்தேழு நிமிடம் பத்து நொடி.
ஒரு பக்கத்துக்கு இது அதிகம் என்றேன்.
மூவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தார்கள்.

ஜாக்ரெப். எழுபத்துநான்கு, பிப்ரவரி.
பகலெல்லாம் குழந்தைப் பாட்டும்
சுரங்கத் தொழிலாளர் கோரஸும்
தட்டில் வெட்டித் தருவது என் வேலை.
அரக்கு பூசிய தட்டில் ஊசி இறங்கும்;
மயிரிழை போல் ஒரு சுருள் எழும்பி வரும்,
அதைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும்.
சத்தம் பெருத்தால் பள்ளம் அகலும்,
பள்ளம் அகன்றால் இடம் பற்றாது.
இதில் ராக் என்ன, தாலாட்டு என்ன.

ரியேகாவிலிருந்து ராத்திரி ரயிலில் வந்திருந்தார்கள்,
ஒலிநாடாப் பெட்டியை மடிமாற்றி மடிமாற்றி.

லிவியோ சுப்பெரீனா, கிதார்.
ஒப்பாத்தியாவில் ஓட்டல் மாடியில் நான்கு கோடைகள்
ஜெர்மன்காரர்களுக்கு வால்ட்ஸ் வாசித்தவன்.
ஓட்டல் கொடுத்த வெள்ளைக் கோட்டின் கை
முழங்கைக்கு ஏறிவிட்டதாம்.
உடம்பு வளர்ந்தது, சம்பளம் வளரவில்லை.

நேவியோ, கப்பல் பட்டறையில் வெல்டர்.
அதற்குமுன் காகித ஆலை பேண்டில் ட்யூபா.
பேஸ் கிதாரில் விரல் வைக்குமுன்னும்
பழக்கத்தில் மூச்சை இழுத்துக்கொள்கிறான்.
ஹெட்போனில் அது எனக்குக் கேட்டது.
சொல்லவில்லை.

ஒஸ்கார் ருஷிச் அதிகம் பேசாதவன்.
ராணுவச் சேவைக்கு பிட்டோலா போனவன்,
ஞாயிறுகளில் முகாமிலிருந்து நழுவி
கல்யாண வீடுகளில் டிரம் அடித்து
ஏழு எண்ணக் கற்றுக்கொண்டு திரும்பினான்.
மூன்று, பிறகு நான்கு;
அங்கே பாட்டிமார்கூட அதற்குத்தான் ஆடுகிறார்களாம்.
இங்கே வானொலிக்காரர்கள்
தாளம் தப்புகிறது என்று குறிப்பு எழுதினார்கள்.

வானொலி நிலையம் கொடுத்தது நான்கு இரவுகள்.
மூன்றாம் இரவு பூரா காற்று வந்து
நடைபாதைக் கண்ணாடியைப் பெயர்த்துப் போட்டது.
அந்தச் சிலீர் பதினெட்டாம் நிமிடத்தில் அப்படியே இருக்கிறது.
உறையில் இருக்கும் பெயர்கூட அவர்கள் பெயரல்ல;
அச்சாகி வருவதற்குள் இசைக்குழு
வேறு பெயருக்கு மாறிவிட்டது.

இரண்டு வழி, என்றேன்.
மூன்று நிமிடத்தை வெட்டுங்கள்,
அல்லது சத்தத்தைக் குறைக்கிறேன், நிறையவே.

வெளியே போனார்கள். கதவு சாத்தவில்லை.
என் சோலோவை எடுத்துவிடு, இது லிவியோ.
உன்னுடையது எதற்கு, என்னுடையதை எடு, இது நேவியோ.
எடுத்தால் ஏழு எங்கே போய் விழும் தெரியுமா?
இப்படி அரைமணி நேரம்
ஒருவன் கையை வெட்ட மற்றவன் கையை நீட்டினான்.
ஒஸ்கார் ரேடியேட்டரில்
விரலால் தட்டிக்கொண்டே இருந்தான்.
அவன்தான் உள்ளே வந்தான்.

குறையுங்கள்.

மாலுமிகள் கிளப்பில் இரண்டுமுறை ஃபியூஸ் போக்கியவர்கள்,
துறைமுகத்து நாய்களெல்லாம் ஊளையிட வாசித்தவர்கள்,
என்னிடம் வந்து மெதுவாக என்று கேட்டார்கள்.

வெட்டினேன். பள்ளங்கள்
ஒன்றையொன்று தொடாமல், தொட்டுவிடும் நெருக்கத்தில்,
சினிமா கொட்டகை வரிசையில் நிற்பவர்கள் மாதிரி.
வழக்கமாய் உள்வட்டத்து வெற்றிடத்தில்
என் பெயரின் இரண்டெழுத்தைக் கீறிவைப்பேன்.
இதில் இடமில்லை.

இளைஞர் பத்திரிகை
'சோகை பிடித்த ஒலி' என்றது. சரிதான்.
மே மாதம் லிவியோ ஓட்டலுக்கே திரும்பிப்போனான்,
கோட்டு புதிது.

எனக்கு வந்த பிரதியை ஒரு சனிக்கிழமை போட்டேன்.
எழுந்துபோய் குமிழைத் திருகினேன்,
போதவில்லை, இன்னும் திருகினேன்,
நாடாவின் இரைச்சல் மழைபோல் அறைக்குள் வந்தது.
பதினோராம் நிமிடம் எல்லாம் ஓய்ந்து
ஒரு ட்யூபாக்காரன் மூச்சை இழுத்தான்.
பிறகு பேஸ்.

பக்கத்து வீட்டுக்காரி சுவரை இடித்தாள்.
நான்கு நான்காக.